கேளாமல் மாறும் விசைகள்

சென்ற மாதம் ஒரு காலை வேளையில், இரவு முழுவதும் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டு விழித்திருந்த என் கணிப்பொறியின் முன் அமர்ந்து, ஆறேழு வருஷங்களாக மாறாத கடவுச்சொல்லை வழக்கம்போல் அடித்தேன், தவறு என்றது. நிதானமாக மறுபடியும் அடித்தேன். மறுபடியும் தவறு என்றது. திரையில் தெரிவன எல்லாம் கரும்புள்ளிகளேயாதலால், எந்த எழுத்து எந்த வேஷத்தில் உள்ளே போகிறது என்று அறிய மார்க்கமில்லை. யந்திரத்தின்மேல் சந்தேகம் எழவேயில்லை. என் ஞாபகசக்தியின்மேல்தான் எழுந்தது. அரைமணி நேரம் என்னையே நொந்துகொண்ட பின்னர், பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த பேரன் எட்டிப் பார்த்துவிட்டு, “தாத்தா, கீபோர்டு யூ.கே.க்கு மாறியிருக்கு” என்றான். அமெரிக்க ஆங்கில விசைப்பலகையில் ஷிப்டுடன் 2-ஐ அழுத்தினால் வரும் ‘அட்’ குறி, பிரிட்டிஷ் பலகையில் அவ்விடத்தை இரட்டை மேற்கோளுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வலப்பக்கத்து மூலையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்த அற்ப இடமாற்றந்தான் என்னை என் சொந்த வீட்டு வாசலில் அந்நியனாக நிறுத்தி வைத்தது.

இத்தகைய மாற்றங்களை ஒவ்வொன்றாகத் தனித்து எடுத்துப் பார்த்தால் புகார் சொல்லவே வெட்கமாயிருக்கும். 2011-இல் வந்த மேக் இயங்குதளத்தின் 10.7 பதிப்பில், ஓர் எழுத்தை அழுத்திப் பிடித்தால் அது வரிசையாக வந்துகொண்டேயிருக்கும் பழைய சம்பிரதாயம் போய், அவ்வெழுத்தின் குறியிட்ட வடிவங்களைக் கொண்ட சிறு பட்டியல் ஒன்று எழுந்து நின்றது. பக்கத்தை உருட்டும் திசையும் அதே பதிப்பில் தலைகீழாயிற்று. விண்டோஸ் 11-இல், திரை முழுவதையும் மௌனமாகப் படியெடுத்து வைத்துவந்த ‘பிரிண்ட் ஸ்கிரீன்’ விசை, 2023-ஆம் ஆண்டுப் புதுப்பிப்புகளுக்குப் பின், எந்தப் பகுதி வேண்டும் என்று கேட்கும் வேறொரு கருவியைத் திறக்கும் உத்தியோகத்துக்கு மாற்றப்பட்டது. பெரும்பாலானவற்றைப் பழையபடி திருப்பிக்கொள்ள அமைப்புகளில் வழி உண்டு. ஆனால் மாறியிருப்பது இன்னது என்று தெரிந்தவனுக்கல்லவா அந்த வழி?

தட்டச்சுப் பொறியின் காலத்தில் ஒரு விசையின் ஸ்தானத்தை மாற்ற வேண்டுமானால், மெக்கானிக் வந்து, கம்பியின் நுனியில் பற்றவைத்திருந்த அச்செழுத்தைச் சூடேற்றிக் கழற்றி, வேறொன்றைப் பற்றவைக்க வேண்டும். சொந்தக்காரருக்குத் தெரியாமல் ராத்திரியோடு ராத்திரியாக நடந்துவிடக்கூடிய காரியமன்று அது. அந்த ஸ்திரத்தை நம்பித்தான் விரல்கள் வித்தை கற்றன. நீச்சலைப் போலவும் கோலமிடுவதைப் போலவும், அப்பியாசத்தால் உடம்பில் ஊறி, மனத்தின் துணையின்றியே நடக்கும் ஞானம் அது. எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தட்டச்சரிடம் கேட்டால் வாய் சொல்லத் தயங்கும், கை தயங்காது.

தென்மாவட்டத்து ஊரொன்றில், நீதிமன்ற வாசலுக்கு எதிரே, ஜாப் டைப்பிங் கடை நடத்தும் ஓர் அம்மையாரை இக்கட்டுரைக்காகச் சந்தித்தேன். இன்ஸ்டிடியூட்டில் ‘யளனகப’ என்று இடக்கை வரிசையில் தொடங்கி, லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகள் இரண்டும் தேறியவர். தட்டச்சுப் பொறி போய்க் கணிப்பொறி வந்தபோது, பழைய தட்டச்சு முறையையே அதில் நடத்தித் தரும் செயலியொன்றை நிறுவிக்கொண்டு, கை மாறாமல் காலம் மாறியவர். ஒரு நாள் காலை, வக்கீல் குமாஸ்தா பிரமாணப் பத்திரத்துடன் காத்திருக்க, கண்ணை நகலிலும் கையைப் பலகையிலுமாக வைத்து ஒரு பாரா அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், ‘தமிழ்’ என்று அடித்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நின்றதாம். முந்தின இரவுப் புதுப்பிப்புக்குப் பின் அந்தச் செயலி எழுந்திருக்கவேயில்லை. அன்று முற்பகல் வருமானம் பக்கத்துக் கடைக்குப் போயிற்று.

வேறு பலகைக்கு மாறிக்கொள்ளலாமே என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அவருடைய முறையில் ‘கொ’ எழுத, முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு ககரம், பிறகு கால் என்று கண்ணால் காணும் வரிசையில் மூன்று தட்டு. 1999-இல் அரசு அங்கீகாரம் பெற்ற தமிழ்99 முறையிலோ, வலக்கையால் ககரத்தையும் இடக்கையால் ஒகரத்தையும் தட்டினால் போதும். பின்னது கற்பதற்கு எளிது என்பதில் எனக்கு அபிப்பிராய பேதமில்லை. ஆயினும், முப்பது வருஷம் ஒரு வழியில் ஓடிய விரல்களை இன்னொரு வழிக்குத் திருப்புவது அவரவர் சம்மதத்தின்பேரில், சாவகாசமாக நடக்கவேண்டியதேயன்றி, ராத்திரி தூங்கி எழுவதற்குள் நடக்கவேண்டியதன்று.

புதுப்பித்தலே கூடாது என்பதல்ல என் வாதம். பாதுகாப்புக்கு அது அவசியம் என்கிறார்கள், இருக்கலாம். 2010-இல் பிறந்த ரூபாய்க் குறி, இந்திய ஆங்கிலப் பலகையில் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் சேர்த்து 4-ஐ அழுத்தினால் வரும்படியாக விண்டோஸ் 7-ஐ வந்தடைந்ததும் ஒரு புதுப்பிப்பின் வழியாகத்தான்.

என் கவலை வேறு. ஆங்கிலப் பலகை இடம் மாறினால் ஒருவன் எரிச்சலுடன் தேடிப்பிடித்துச் சரிசெய்துகொள்கிறான்; ஏனெனில் அதில்லாமல் அவனுக்கு ஒரு காரியமும் நடவாது. தமிழ்ப் பலகை காணாமற்போனாலோ, தேடுவதற்குள் அலுப்புத் தட்டி, தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்பிவிடுகிறான்; படிக்கிறவனும் புரிந்துகொண்டுவிடுகிறான்; காரியம் முடிந்துவிடுகிறது. ஒரு நாளைக்கென்று செய்தது மறுநாள் சௌகரியமாகி, மூன்றாம் நாள் சுபாவமாகிவிடுகிறது. என் பேரன் தமிழ் நன்றாகப் பேசுகிறான், பரீட்சையில் பேனாவால் பிழையின்றி எழுதுகிறான். ஆனால் அவன் விரல்களுக்கு ஒரு தமிழ் விசைகூடத் தெரியாது. பழைய தட்டச்சு, தமிழ்99, இன்ஸ்கிரிப்ட், ஒலிவழி என்று நான்கு முறைகள் இருக்க, நான்கில் ஒன்றையும் கை அறியாத ஒரு தலைமுறை வளர்ந்துவருகிறது. கை விட்ட எழுத்தைக் கண் எத்தனை காலம் காப்பாற்றும் என்பதுதான் என்னை உறங்கவிடாத கேள்வி.

இயங்குதளம் செய்வோர் செய்யவேண்டியது அதிகமில்லை: ‘உங்கள் விசைப்பலகையில் இன்னது மாறுகிறது; சம்மதமா?’ என்று, பயன்படுத்துவோர் மொழியில் ஒரு வரி. அது வரும் வரையில் வாசகர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் பலகையின் பெயர், தமிழுக்கு மாற அழுத்தும் விசைகள், நிறுவியிருக்கும் செயலியின் பெயர் ஆகிய மூன்றையும் ஒரு காகிதத்தில் பேனாவால் எழுதிக் கணிப்பொறியின் அருகில் ஒட்டிவையுங்கள். அந்த அம்மையாரின் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இப்போது அப்படியொரு சீட்டு இருக்கிறது. அதற்கப்புறம் இரண்டு புதுப்பிப்புகள் வந்துபோயின, கடை ஒரு நாளும் நிற்கவில்லை.