சூரமங்கலம் குடிசைப் பகுதி இளைஞர்களும் தொழில்திறன் பயிற்சியும்: பட்டறைக் கல்வியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

நகர்ப்புறக் குடிசைப் பகுதி இளைஞர்களுக்கான தொழில்திறன் பயிற்சித் திட்டங்கள், அவர்களைத் திறனற்றோர் எனக் கொண்டே தொடங்குகின்றன. சேலம் மாநகரின் சூரமங்கலத்தை அடுத்த பகுதிகளிலோ பள்ளியை விட்ட இளைஞர் பலர் வெள்ளிப் பட்டறைகளில் ஏற்கெனவே தொழில் பயில்கின்றனர். அவ்வாறு பெற்ற திறன் சான்றாக மாறாமைக்கான காரணங்களைத் திட்டங்களின் அமைப்பிலிருந்தே இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: சூரமங்கலம், கொலுசுப் பட்டறை, தொழிற்பழகுநர், குலக்கல்வி, திறன் சான்று.

முன்னுரை

சேலம் மாநகராட்சியின் நான்கு மண்டலங்களுள் சூரமங்கலமும் ஒன்று. சேலம் சந்திப்பு இங்குதான் உள்ளது. 2007-இல் தெற்கு இரயில்வேயில் சேலம் தனிக் கோட்டமானது. மேற்கே கஞ்சமலைச் சாரலில் உருக்காலை நிற்கிறது. இவ்விரு பெருநிறுவனங்களுக்கும் அருகில் வாழ்வதனால் மட்டும் ஓர் இளைஞனுக்கு அவற்றில் வேலை கிட்டிவிடுவதில்லை. இரயில்வேயில் தொழிற்பழகுநராகச் சேரவே பொதுவாகப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் தொழிற்பயிற்சி நிலையச் சான்றும் வேண்டும். ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்குக் கூப்பிடு தொலைவில் உள்ள நிலையமும் எட்டாத் தொலைவே. அவனுக்கு எளிதில் திறக்கும் கதவு பட்டறையினுடையது.

பட்டறை என்னும் பள்ளி

சேலத்து வெள்ளிக் கொலுசு ஒரே கூரையின்கீழ் உருவாவதன்று. வெள்ளியை உருக்குதல், கம்பி இழுத்தல், அச்சிடுதல், வளையங்களைக் கோத்தல், பற்றவைத்தல், சலங்கையும் திருகாணியும் சேர்த்தல், மெருகேற்றுதல் என வேலை பல கைகளுக்குப் பிரிகிறது. சிவதாபுரம், பள்ளப்பட்டி, செவ்வாய்ப்பேட்டை முதலிய பகுதிகளில் வீட்டின் முன்னறையே பட்டறையாவதுண்டு. கோக்கும் வேலையைப் பெண்கள் வீட்டிலிருந்தே செய்கின்றனர். குழந்தையை விட்டுவிட்டுப் பயிற்சி மையத்திற்குச் செல்ல இயலாத நிலையில் அவர்களுக்கு இதுவே வாய்க்கிறது.

இங்குப் பாடத்திட்டம் இல்லை, பயிற்றுமுறை உண்டு. புதியவன் முதலில் எடுபிடி வேலை செய்வான். பின்னர் எளிய பகுதிகளைக் கையாள்வான். பற்றவைக்கும் சுடர் அவன் கைக்கு வருவது நாள் சென்றே. வெள்ளி உருகிவிடாமல் பற்று மட்டும் உருகும் கணத்தைக் கண்ணால் அறிதல் எளிதில் கைவருவதன்று. அதனை ஒரு திங்கள் வகுப்பில் கற்பித்துவிட இயலும் என்று எந்தப் பட்டறைக்காரரும் ஒப்பமாட்டார். எனினும் அரசுக் கணக்கில் இவன் திறன் பெறாதவனே. எடைக்கணக்கில் கூலி பெறும் இவனிடம் வேலை செய்ததற்கான எழுத்துச் சான்று ஏதும் இல்லை. வெள்ளி விலை ஏறி வேலை குறையும் நாளில், கற்ற கைத்திறன் பட்டறை வாசலுக்கு வெளியே செல்லுபடியாவதில்லை. புகைக்கும் அமிலத்திற்கும் நடுவே கற்கும் இக்கல்வியைப் போற்றிப் பாட வேண்டியதில்லை. இல்லாததாகக் கருதுவதுதான் பிழை.

இழக்கும் கூலி

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரத்தக்க பிரிவுகளும் உள. பயிலும் காலத்தில் திங்கள்தோறும் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின்வழி 1,000 ரூபாய் கூடுதலாகக் கிட்டும். இரண்டையும் கூட்டினால் 1,750 ரூபாய். தொழில் தெரிந்த ஒருவரின் ஒரு வாரக் கூலியை இது எட்டுவதே அரிது. ஈராண்டுப் பிரிவொன்றில் சேர்வது குடும்பத்தின் கணக்கில் ஈராண்டு வருவாய் இழப்பாகிறது. 2022-இல் 71 அரசு நிலையங்களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கும் திட்டம் தொடங்கப்பெற்றது. கருவிகளைப் பொறுத்தவரை அது பெரும் முன்னேற்றமே. ஆனால் புதிய எந்திரத்தால் சனிக்கிழமைக் கூலியை ஈடுசெய்ய இயலாது.

குறுகிய காலப் பயிற்சிகள் இச்சிக்கலை எளிதாக்க வந்தவை. 1997-இல் தொடங்கிய பொன்விழா ஆண்டு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம், 2013-இல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கமாக மாறியது. அதுவும் 2024 செப்டம்பரில் முடிவுற்றது. தையல், கணினித் தரவுப் பதிவு, விற்பனை போன்றவையே இத்தகைய திட்டங்களில் மிகுதியாகக் கற்பிக்கப்படுபவை. இளைஞன் ஏற்கெனவே அறிந்ததன்மேல் கட்டப்படும் பயிற்சிகள் குறைவு.

தொழிற்பழகுநர் சட்டம் (1961) கற்கும்போதே ஊதியம் தருவது. 2019 திருத்தத்தின்படி கல்வித் தகுதிக்கேற்பத் திங்களுக்கு 5,000 முதல் 9,000 ரூபாய் வரை குறைந்தபட்ச உதவித்தொகை வகுக்கப்பட்டது; ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை பயின்றவரும் இதில் அடங்குவர். ஆயின் 30 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கே இது கட்டாயம். 4 முதல் 29 பேர் உள்ளவற்றுக்கு விருப்பம் சார்ந்தது. தந்தையும் மகனும் இன்னொருவருமாக இயங்கும் முன்னறைப் பட்டறை இவ்வெல்லைக்குள்ளேயே வருவதில்லை.

குலத்தொழில் அச்சமும் வயதெல்லையும்

பட்டறைக் கல்விக்கு ஏற்பளிப்பதில் தமிழகத்திற்கு ஒரு வரலாற்றுத் தயக்கம் உண்டு. சேலம் நகராட்சித் தலைவராக 1917-இல் பொறுப்பேற்ற இராஜாஜியே, 1953-இல் சென்னை மாநில முதல்வராக, அரைநாள் பள்ளியும் அரைநாள் பெற்றோர் தொழிலும் என்ற திட்டத்தைக் கொணர்ந்தார். பெரியாரும் பிறரும் அதனைக் குலக்கல்வி என எதிர்த்தனர். 1954-இல் காமராசர் அதனைக் கைவிட்டார்.

அந்த நினைவு இன்றும் உயிர்ப்புடன் உள்ளது. 2023 செப்டம்பரில் தொடங்கிய ஒன்றிய அரசின் விசுவகர்மா திட்டம், 18 தொழில்களைச் சேர்ந்த கைவினைஞருக்கு 18 வயது முதல் நாளொன்றுக்கு 500 ரூபாய் உதவித்தொகையுடன் பயிற்சி அளிப்பது. குடும்பத் தொழிலை வற்புறுத்துவதாகக் கருதி அதனைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. மாற்றாக 2025 ஏப்ரலில் கலைஞர் கைவினைத் திட்டத்தைத் தொடங்கியது. 25 தொழில்களுக்குரிய இத்திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனை இல்லை. குறைந்தபட்ச வயது 35 என வகுக்கப்பட்டது. பதினெட்டு வயதினர் உயர்கல்விக்குச் செல்ல வேண்டும் என்பதே அதன் நியாயம்.

நியாயம் வலுவானதே. கல்லூரிக்குச் செல்லக்கூடியவனைப் பட்டறையில் தடுத்து நிறுத்தும் உதவித்தொகை உதவியாகாது. ஆனால் பள்ளியை ஏற்கெனவே விட்டவனுக்கு 18-க்கும் 35-க்கும் இடைப்பட்ட 17 ஆண்டுகள் எந்தத் திட்டத்திற்குரியவை என்பதற்கு விடை இல்லை. குலத்தொழில் என்னும் கேடு, பிறப்பையும் தொழிலையும் பிணைப்பதில் உள்ளது. கைத்திறனுக்குச் சான்றளிப்பதில் இல்லை. பிரதமரின் திறன் வளர்ச்சித் திட்டத்தில் முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் பிரிவொன்று உண்டு. தந்தையின் தொழிலை வினவாது கையின் வேலையை மட்டுமே மதிப்பிடும் அம்முறை, மேற்கூறிய அச்சத்திற்கு இடந்தராதது. சிறு பட்டறைகள் பல சேர்ந்து ஒரு கூட்டமைப்பாகப் பதிவுபெற்றால் ஆள்கணக்கின் தடையும் தளரும். அத்தகைய சான்றோடு, கூலியை இழக்காத மாலை நேர இணைப்புப் பயிற்சியும் அமையுமாயின், கொலுசைப் பற்றவைத்த கை உருக்காலை ஒப்பந்தப் பணியிலோ இரயில் பெட்டிப் பராமரிப்பிலோ பற்றவைப்பாளராக விண்ணப்பிக்க ஒரு தாளேனும் கிட்டும்.