"ஆறு மாதம் கழித்து வாருங்கள்!"

"பயப்பட ஒன்றுமில்லை, அம்மா! ஆறு மாதம் கழித்து மறுபடியும் வந்து காட்டுங்கள்" என்கிறார் டாக்டர். மார்பில் கட்டி என்றதும் கதிகலங்கிப் போயிருந்த குடும்பத்துக்கு அவ்வார்த்தை அமிர்தமாக இருக்கிறது. ஆனால், வீடு வந்து சேர்வதற்குள் அதன் முதற்பாதி மட்டுமே ஞாபகத்தில் நிற்கிறது. பிறகு தீபாவளி வருகிறது. பெண்ணின் கல்யாணம் வருகிறது. ஆறு மாதம் இரண்டு வருஷமாகி விடுகிறது.

மார்பில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று நோய் அல்ல என்பது மெய்தான். இளம் பெண்களுக்கு உண்டாகும் 'பைப்ரோ அடினோமா' என்னும் கட்டி, விரல் பட்டால் கோலிக்குண்டு போல் நழுவும். நடுத்தர வயதினருக்கு நீர் கோத்த கட்டிகள் உண்டாவதும் சகஜம். இவை சாதுக்கள். ஆனால், சாதுவின் வேஷத்தில் திருடனும் வருவதுண்டல்லவா? சில புற்றுக் கட்டிகளும் வழவழப்பாய், உருண்டையாய், வலியின்றி இருக்கின்றன.

ஆகவேதான் வைத்தியர்கள் மூன்று சாட்சிகளை நாடுகிறார்கள்: கையால் பரிசோதனை, ஸ்கான் அல்லது மாமோகிராம் படம், அவசியமானால் ஊசியால் எடுத்த சதைத் துணுக்கு. ஒரு சாட்சி மாறிச் சொன்னாலும் விசாரணை முடிந்ததாகாது.

படத்தில் 'அநேகமாகச் சாது' என்று தோன்றும் கட்டிகளில் 100-க்கு 2-க்கு மேல் புற்றாக முடிவதில்லை. அந்த இரண்டையும் தப்பவிடாமல் பிடிப்பதற்காகவே 6, 12, 24-ஆம் மாதங்களில் மீண்டும் படம் எடுக்கிறார்கள். ஆறு மாதத்தில் கட்டி ஐந்தில் ஒரு பங்கு நீளம் கூடியிருந்தாலும், அதன் விளிம்பு மாறியிருந்தாலும் ஊசிப் பரிசோதனை செய்துவிட வேண்டும். தோல் சுருங்குதல், காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, அக்குளில் கட்டி ஆகியவற்றைக் கண்டால் குறித்த தேதி வரை காத்திருக்கலாகாது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரமே 1954-இல் சென்னை அடையாற்றில் புற்று நோய் ஆஸ்பத்திரியாக உருவெடுத்தது. அவ்வம்மையார் வழி திறந்து வைத்தும், நாம் சங்கோசத்தாலும் அசட்டையாலும் வாசலிலேயே நிற்பது தகுமா?

சகோதரிகளே! அமாவாசையும் கிருத்திகையும் பார்க்கும் காலண்டரிலேயே டாக்டர் சொன்ன தேதியையும் குறித்து வையுங்கள். பழைய படத்தையும் பத்திரப்படுத்துங்கள். கட்டி வளர்ந்ததா இல்லையா என்று சொல்ல அதுவே சாட்சி. வீட்டு ஆண்மக்களே! அந்தத் தேதியை நினைவூட்டி, உடன் அழைத்துச் செல்வது உங்கள் கடமை.