பட்டத்துக்கு மேல் பட்டம்!

சர்க்கரை நோயாளி எதை உண்ணலாம், சிறுநீரகம் பழுதுற்றவர் எவ்வளவு உப்பைக் குறைக்க வேண்டும், கருவுற்ற தாய்க்கு எது வலுவூட்டும் என்றெல்லாம் கணக்கிட்டுக் கூறுவோரை அமெரிக்க நாட்டிலே 'பதிவு பெற்ற உணவியல் வல்லுநர்' என்கின்றனர்.

2023ஆம் ஆண்டு முடிய, இளங்கலைப் பட்டமும் மேற்பார்வையில் பெற்ற பயிற்சியும் உடையவர் பதிவுத் தேர்வு எழுத முடிந்தது. 2013ஆம் ஆண்டிலேயே பதிவு ஆணையம் அறிவித்தபடி, 2024 சனவரி முதல் நாள் அந்தக் கதவு சாத்தப்பட்டது. இனி முதுகலைப் பட்டம் இல்லாதவர் தேர்வுக்கு அமர இயலாது. முன்பே பதிவு பெற்றோருக்கு விலக்கு உண்டு. சுமையெல்லாம் புதிதாக வருவோருக்குத்தான்!

காரணம் கேட்டால், அறிவியல் வளர்ந்துவிட்டது, மருந்தாளுநருக்கே முனைவர் நிலைப் பட்டம் கேட்கும் காலமிது, உணவியல் மட்டும் பின்தங்கலாமா என்கின்றனர். நியாயம் இல்லாமலில்லை. உயிரைத் தொடும் தொழிலுக்கு உயர்ந்த கல்வி வேண்டாமென்று நாம் வாதாடவில்லை.

ஆனால், வேடிக்கையைக் கேளுங்கள் தோழர்களே! அந்த முதுகலைப் பட்டம் உணவியலில்தான் இருக்க வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. உணவியல் பாடங்களை முடித்திருந்தால், மேற்பட்டம் எந்தத் துறையில் இருந்தாலும் போதுமாம்! அறிவுதான் அளவுகோல் என்றால், வணிகவியலில் வாங்கிய பட்டம் நோயாளியின் தட்டிலே எதைப் பரிமாறும்?

பட்டம் மட்டுமா? குறைந்தது 1000 மணி நேரப் பயிற்சியும் உண்டு. வாரம் 40 மணி வீதம் 25 வாரங்கள்! பல இடங்களில் அதற்கு ஊதியம் கிடையாது. கட்டணமும் கட்டி உழைப்பையும் தர வேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளை தாங்கும். ஆலைத் தொழிலாளியின் மகள் என்ன செய்வாள்? கடன்படுவாள், அல்லது ஒதுங்கிவிடுவாள்.

ஒதுங்கினால் இழப்பு அவளுக்கு மட்டுமா? மலிவான உணவை வாங்கியுண்டு நோயுறும் ஏழையின் அடுப்பை அறிந்தவள் அல்லவா அவள்! "பழம் தின்னுங்கள்" என்று எவரும் சொல்லலாம். பழத்தின் விலையையும், அதை வாங்க வேண்டியவரின் கூலியையும் அறிந்து சொல்பவர்தாம் ஏழைக்கு வேண்டிய வல்லுநர்.

ஏணியிலே படிகளைக் கூட்டட்டும்; நாம் குறுக்கே நிற்கவில்லை. கூடவே, படிப்பவருக்கு உதவித்தொகையும் பயிற்சிக்குக் கூலியும் கொடுக்கட்டும். அவற்றைக் கொடுக்காமல் படியை மட்டும் உயர்த்தினால், ஏழையின் காலுக்கு அது ஏணியாகாது, வேலியாகும்!