நடையும் திசையும்: கைக்கடிகாரம் காட்டும் வேகத்தை எவ்வளவு நம்பலாம்?

விரைவின் அளவை மட்டும் 'வேகம்' என்றும், திசையும் சேர்ந்ததைத் 'திசைவேகம்' என்றும் தமிழகப் பாடநூல்கள் பிரிக்கின்றன. இலங்கைத் தமிழிலோ முன்னது 'கதி', பின்னதே 'வேகம்'. இது சொல்லாய்வாளரின் வீண் வழக்கு அன்று. நடப்போர் மணிக்கட்டில் அணியும் வழிகாட்டிக் கடிகாரத்தை மதிப்பிட இப்பிரிவு இன்றியமையாதது.

ஈரிடங்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் காலத்தால் வகுத்தே கடிகாரம் வேகத்தைக் கணிக்கிறது என்று மாணவர் பலர் எண்ணுவர். நடப்பவர் நொடிக்கு ஏறத்தாழ 1.4 மீட்டரே கடக்கிறார். இடக்கணிப்பிலோ சில மீட்டர் பிழை இயல்பு. அப்பிழை நொடிக்கு நொடி சற்றே மாறினாலும் கணக்குக் குலைந்துவிடும். ஆகவே ஏற்பிகள் பெரும்பாலும் டாப்ளர் விளைவை நாடுகின்றன. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 1575.42 மெகாஹெர்ட்ஸில் அலை அனுப்புகின்றன. கோளை நோக்கி நாம் நொடிக்கு ஒரு மீட்டர் நகர்ந்தால் அவ்வலையின் அதிர்வெண் ஏறத்தாழ 5 ஹெர்ட்ஸ் மிகும். கோளின் சொந்த ஓட்டம் நொடிக்கு ஏறத்தாழ 3.9 கிலோமீட்டர்; அதன் பாதை அறியப்பட்டிருப்பதால் அதைக் கழித்துவிடலாம். திறந்த வெளியில் நல்ல ஏற்பியின் பிழை நொடிக்குச் சில சென்டிமீட்டர் அளவே.

பாடாங் செராயில் திறந்த திடலில் நடப்பவருக்கு இது பொருந்தும். செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்தால் நிலை வேறு. அடர்ந்த ஓலைகள் அலையை மெலிவிக்கின்றன; மரங்களில் பட்டுச் சிதறிய அலையும் நேரலையோடு கலக்கிறது. போதாக்குறைக்குக் கைவீச்சு வேறு! கடிகாரம் அளப்பது உடலின் வேகத்தை அன்று, மணிக்கட்டின் வேகத்தை. பல நொடிகளின் சராசரியால் இதனைச் சீர்செய்கின்றனர். அதனாலேயே நாம் நின்ற பின்னும் எண் சற்றுப் பிந்தி இறங்குகிறது.

திசையின் நம்பகம் இன்னும் நொய்மையானது. பக்கவாட்டில் நொடிக்கு 0.1 மீட்டர் பிழை நேர்ந்ததெனக் கொள்வோம். இயல்பான நடையில் திசை 4 பாகை மட்டுமே பிறழும், நொடிக்கு 0.1 மீட்டராக ஊர்ந்தால் 45 பாகை பிறழும். நின்றுவிட்டாலோ காட்டுவதற்குத் திசையே இல்லை. பார்வையற்றவர் ஒருவர் முச்சந்தியில் நின்று, எப்பக்கம் திரும்புவது என்று கேட்பது அந்த நொடியில்தான். அப்போது கருவி காந்த உணரியை நாட வேண்டியுள்ளது; அருகில் இரும்பு இருப்பின் அதுவும் வழுவும்.

தமிழில் பேசும் கருவிகளை வடிவமைப்போர் 'வேகம்', 'செல்திசை' ஆகிய இரண்டையும் தனித்தனியே அறிவிக்க வேண்டும் என்று கருதுகிறோம். நடை தளர்ந்து திசை ஐயத்துக்குரியதாகும்போது, பொய்யாக ஒரு பக்கத்தைச் சொல்லாமல், 'திசை தெளிவாகவில்லை. சில அடி நடக்கவும்' என்று கருவி கூறலாம்.