சோலுக்குள் எழும் கொண்டை

கூந்தலைப் புடைத்து உயர்த்திக் காட்ட அடர்ந்த முடி தேவையில்லை. உச்சி முடியைச் சிறு கற்றைகளாகத் தூக்கிப் பிடித்து, சீப்பை நுனியிலிருந்து வேர் நோக்கி எதிர்வாக்கில் தள்ளினால், மயிரிழைகளின் மேற்செதில்கள் நிமிர்ந்து ஒன்றோடொன்று சிக்கும். அந்தச் சிக்குதான் உள்ளே மெத்தைபோல் தாங்கி நிற்கிறது. மேலே ஒரு படலம் முடியை வழவழவென்று வாரி மூடி, ஸ்ப்ரே அடித்தால் 'பஃப்' தயார்.

சிகாகோவின் சிகையலங்காரக் கலைஞர் மார்கரெட் வின்சி ஹெல்ட் 1960இல் ஒரு சஞ்சிகைக்காக அமைத்த தேன்கூட்டுக் கொண்டை இந்த உத்தியை உலகெங்கும் பரப்பியது. துருக்கித் தொப்பியை ஒத்த தம் வெல்வெட் தொப்பிதான் அவருக்கு முன்மாதிரி. அறுபதுகளின் தமிழ்ப்பட நாயகிகளும் உயர்ந்த கொண்டையோடுதான் வந்தார்கள்.

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் பக்கத்து முஸ்லிம் பெண்கள் வெளியே முக்காட்டோடு செல்வதால், பஃபுக்கு ஏற்ற இடம் பெண்கள் மட்டும் கூடும் கல்யாண வீட்டு அறை. வளைகுடாவில் வேறொரு வழி உண்டு: 'கம்பூஆ' என்னும் பெரிய பூக்கிளிப்பைப் பின்தலையில் மாட்டி அதன்மேல் சோலை, அதாவது தலையை மூடும் துணியை, சுற்றுவார்கள். மூடிய தலையும் உயர்ந்தே தெரியும்.

மார்க்க விவாதம் எழுவது இங்கேதான். சாய்ந்த ஒட்டகத் திமில் போன்ற தலையுடைய பெண்களைப் பற்றிய எச்சரிக்கை ஸஹீஹ் முஸ்லிம் என்னும் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில், நபித்தோழர் அபூஹுரைரா அறிவிப்பாக வருகிறது. துணி முதலியவற்றைச் சுற்றித் தலையைப் பெரிதாக்குவது என்று இமாம் நவவி அதை விளக்கினார். ஆகவே வெளியே தெரியும் உருவம்தான் பிரச்சினை. பிடரியில் தாழ முடிந்த சாதாரணக் கொண்டையை யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. சவுரி வைப்பது தனிச் சிக்கல். பிறர் முடியை ஒட்டுவதைக் கண்டிக்கும் ஹதீஸ்கள் உண்டு. நூல், கம்பளி இழைகளை அனுமதித்த சட்ட அறிஞர்களும் உண்டு. சொந்த முடியையே ஊதவைக்கும் பஃப் இந்தத் தடையில் சிக்காமல் தப்பிவிடுகிறது, கொஞ்சம் சாமர்த்தியமாகவே.

ஆண்பிள்ளைகள் சலூனில் பக்கங்களை ஒட்டச் சிரைத்து உச்சியை மட்டும் எழுப்புகிறார்கள். தலையில் ஒரு பகுதியை மட்டும் மழிப்பதைத் தடுக்கும் ஹதீஸைச் சொல்லிப் பெரியவர்கள் அதட்டுவதற்கு இது போதும்.

கடற்கரை ஊர்களில் பஃபுக்கு எதிரி ஈரக்காற்று. சூட்டால் வளைத்த முடியைப் பிடித்து வைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். ஈரம் அவற்றைத் தளர்த்திவிடும். சோலுக்குள் ஊறும் வியர்வையும் அதையே செய்யும். பிரிக்கும்போது முதலில் ஸ்ப்ரேயைக் கழுவி, கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிறிது சிறிதாக மேலே போக வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் சிக்கோடு முடியும் அறுந்து வரும்.