அனுமதி கைக்கு வரும் முன் காபிக்கொட்டை கப்பல் ஏறக்கூடாது

2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அராபிகா காபி ஒரு பவுண்டு 4 டாலரைத் தாண்டியது. பிரேசிலிலும் வியட்நாமிலும் நிலவிய வறட்சிதான் முக்கியக் காரணம். இங்கே கொட்டை விலை ஏறியதிலிருந்து, தர்மபுரிப் பக்கம் காபி வறுத்து அரைக்கும் சிறு வியாபாரிகள் சிலர், வெளிநாட்டிலிருந்து நாமே பச்சைக் கொட்டை இறக்கினால் என்ன என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தாராளமாக இறக்கலாம், தடையில்லை. ஆனால் பெரும்பாலானவர்கள் முன்பணத்தை அனுப்பி, சரக்கும் கிளம்பிய பிறகுதான் என்னென்ன பேப்பர் வேண்டும் என்று விசாரிக்கிறார்கள். அதற்குள் பாதி நஷ்டம் முடிவாகிவிடுகிறது.

வறுக்காத காபிக்கொட்டை சட்டத்தின் பார்வையில் வெறும் மளிகைச் சரக்கு அல்ல, பூச்சியையும் பூஞ்சையையும் சுமந்து வரக்கூடிய தாவரப் பொருள். காபிக் காயைத் துளைக்கும் வண்டு இந்தியாவில் முதன்முதலாக 1990-ல் கூடலூர்ப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்டது. அன்று நுழைந்த பூச்சியோடு நம் விவசாயிகள் இன்றும் போராடுகிறார்கள். நம் தர்மபுரி மாவட்டத்தின் வத்தல்மலையிலும் காபித் தோட்டங்கள் இருக்கின்றன என்பதை யாரும் மறக்க வேண்டாம்.

இதற்காகவே 2003-ம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணை இருக்கிறது. செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை மாறினால் பயனில்லை.

முதலில் ஐ.இ.சி. எண், அதாவது இறக்குமதி-ஏற்றுமதி செய்பவருக்கான குறியீட்டு எண். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய்தான். ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதிசெய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கும்.

இரண்டாவது, தாவரத் தொற்றுத்தடுப்புத் துறையின் இறக்குமதி அனுமதி. இதற்கும் இணையத்தில்தான் விண்ணப்பம். நம் பக்கத்துக்கான பெரிய நிலையம் சென்னை மீனம்பாக்கத்தில் இருக்கிறது. எந்த நாட்டிலிருந்து கொட்டை வருகிறதோ, அந்த நாட்டுக்கான நிபந்தனை ஆணையின் அட்டவணையில் இருக்கிறதா என்று பணம் பேசும் முன்பே பாருங்கள். அட்டவணையில் இல்லாத நாடென்றால் பூச்சி அபாய ஆய்வு முடியும்வரை காத்திருக்க வேண்டும். அனுமதி வந்ததும் நகலை விற்பவருக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் அந்நாட்டு அரசு தாவர நலச் சான்றிதழில் நம் நிபந்தனைகளை எழுதித் தரும். சான்றிதழின் வரைவை வாங்கி, பெயர், மூட்டை எண்ணிக்கை, எடை, பூச்சியைக் கொல்லப் புகையூட்டிய விவரம் ஆகியவற்றை அனுமதியோடு ஒப்பிடுங்கள். ஒப்பிட்டு முடியும்வரை சரக்கு கப்பல் ஏறக்கூடாது.

மூன்றாவது, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மத்திய உரிமம். கடைக்காக மாவட்ட அலுவலகத்தில் வாங்கிய பதிவுச் சான்று இறக்குமதிக்குச் செல்லாது. இதைத் தெளிவாக எடுத்துச் சொல்ல அலுவலகங்களில் யாரும் மெனக்கெடுவதில்லை. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வரி. காபிக்கு அடிப்படை சுங்க வரியே 100 சதவீதம். வியட்நாம், இந்தோனேசியா போன்ற ஆசியான் நாடுகளின் விளைச்சலுக்கு ஒப்பந்தப்படி 45 சதவீதம். ஆனால் அந்தச் சலுகைக்கு முறையான பூர்வீகச் சான்றிதழ் வேண்டும். 2020-ல் வந்த விதிகளின்படி, கொட்டை உண்மையில் அங்கே விளைந்ததுதான் என்பதற்கான விவரங்களை நீங்களும் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஏஜெண்ட் பார்த்துக்கொள்வார் என்ற பதிலைச் சுங்கத்துறை ஏற்காது. ஒரு 20 அடி கண்டெய்னர் என்பது சுமார் 19 டன். வரியையும் சேர்த்துக் கணக்குப் போட்ட பிறகு இறங்குங்கள்.

சரக்கு விவரத்தைச் சுங்கத்துறைக்குத் தெரிவிக்கும் பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் முதல் 3 நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன்பின் தினம் 10,000 ரூபாய். துறைமுக வாடகையும் கப்பல் நிறுவனத்தின் கண்டெய்னர் கட்டணமும் தனி. ஏதாவது ஒரு பேப்பர் தாமதமானால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டாம். சுங்கச் சட்டத்தின் 49-ம் பிரிவின்படி சரக்கைக் கிடங்குக்கு மாற்ற எழுத்துமூலம் கேளுங்கள். 30 நாள்வரை அனுமதி உண்டு. சுங்கத்துறையே சரக்கை நிறுத்திவைத்தால் அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். துறைமுக வாடகையைத் தள்ளுபடி செய்யக் கோர, சுங்கப் பகுதியில் சரக்கைக் கையாளுவதற்கான 2009-ம் ஆண்டு விதிகளில் இடமிருக்கிறது. வாய்வார்த்தையாகச் சரக்கை நிறுத்துவதை ஏற்காதீர்கள், எழுத்தில் உத்தரவு கேளுங்கள். உத்தரவு கிடைத்த 60 நாளுக்குள் சுங்க மேல்முறையீட்டு ஆணையரிடம் முறையிடலாம்.

மூன்று எச்சரிக்கைகள். ஒன்று, கண்டெய்னருக்கு இவ்வளவு தருகிறேன் என்று சொல்லி யார் கேட்டாலும் உங்கள் ஐ.இ.சி. எண்ணைக் கொடுக்காதீர்கள். வரி ஏய்ப்போ கடத்தலோ நடந்தால் விசாரணைக் கடிதம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். இரண்டு, வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று விற்பவர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், பழைய எண்ணில் பேசி உறுதிசெய்யாமல் பணம் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் எழுதிக் கொடுங்கள். மூன்று, குடிப்பதற்காக வந்த கொட்டையை ஒருபோதும் விதைக்காதீர்கள். விமானத்தில் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரும் பச்சைக் கொட்டைக்கும் இதே சட்டம்தான். விதை வேண்டுமென்றால் சிக்கமகளூரு மாவட்டம் பாலேஹொன்னூரிலுள்ள மத்திய காபி ஆராய்ச்சி நிலையத்தைக் கேளுங்கள்.

19 டன்னை விற்கும் அளவுக்கு வியாபாரம் இல்லாதவர்களுக்கு நேரடி இறக்குமதி தேவையே இல்லை. வத்தல்மலை, ஏற்காடு விவசாயிகளிடம் வாங்கலாம். வெளிநாட்டுக் கொட்டைதான் வேண்டுமென்றால், உரிமம் உள்ள இறக்குமதியாளரிடம் பில் ஆஃப் என்ட்ரி நகலோடு வாங்குங்கள். பெரிய அளவில் இறங்குகிறவர்களுக்கு மீண்டும் சொல்கிறேன்: அனுமதி முதலில், பணம் அடுத்து, கப்பல் கடைசியில்.