இணைய வானொலிப் பதிவேட்டில் கருவிக்குறிப்பு: ஒரு மொழியியல் நோக்கு

பிரசார் பாரதி, தன் நியூஸ்ஆன்ஏர் செயலி வழியாகச் செல்லும் வானொலி ஒலிபரப்புகளை மிகுதியாகக் கேட்கும் இந்திய நகரங்களின் தரவரிசையை 2021இல் வெளியிட்டது. அதில் பெங்களூர் முன்னிடங்களுள் ஒன்றைப் பெற்றிருந்தது. கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் உருதும் பேசப்படும் இந்நகரில், இத்தகைய கணக்கைக் கொண்டு ஒரு மொழி நிகழ்ச்சியின் நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ ஒரு நிலையம் முற்படுமாயின், கணக்கிற்கு மூலமாகும் பதிவேட்டைப் படிக்கும் முறை தெரிந்திருத்தல் வேண்டும். அப்பதிவேட்டில் கேட்போரின் கருவியைக் குறிக்கும் பகுதியே ஈண்டு ஆராயப்படுகிறது.

இணைய வானொலி நிலையங்கள் பல பயன்படுத்தும் ஐஸ்காஸ்ட் என்னும் வழங்கி மென்பொருள், ஒவ்வோர் இணைப்பும் முடிந்தபின் ஒரு வரி எழுதுகிறது. இணைய முகவரி, நேரம், கேட்ட ஓடையின் பெயர், அனுப்பிய பைட்டுகள், கருவி பற்றிய தொடர், இறுதியில் இணைப்பு நீடித்த விநாடிகள் என்பன அதில் அமையும். கருவித்தொடரை ஆக்குவது வழங்கி அன்று. கேட்போரின் மென்பொருள் தன்னைப் பற்றித் தானே கூறும் அறிமுகம் அது. கூறியது மெய்யா என்று வழங்கி சோதிப்பதில்லை.

உலாவிகள் அனுப்பும் தொடர் பெரும்பாலும் 'மொசில்லா/5.0' என்று தொடங்கும். மொசில்லா என்பது 1994இல் நெட்ஸ்கேப் உலாவிக்கு அதனை ஆக்கியோர் இட்ட உட்பெயர். அப்பெயர் கண்டவிடத்தே வலைத்தளங்கள் சில தம் சிறந்த பக்கங்களை அனுப்பின. ஆகவே, பின்வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் அதே பெயரைச் சூடிக்கொண்டது. குரோமும் சஃபாரியும் இன்றும் அதனை விடவில்லை. எள்ளின் நெய்யைக் குறித்த 'எண்ணெய்', தேங்காயெண்ணெயில் எள்ளை இழந்து நிற்பதை நினைவூட்டும் வழக்கு இது. எனினும் எண்ணெய் பொருள் விரிந்த சொல். மொசில்லாவோ பொருளே ஒழிந்து வடிவம் மட்டும் எஞ்சியது.

குரோம் உலாவி 2023 முதல் ஆண்ட்ராய்டுப் பேசிகளின் மாதிரிப்பெயரை மறைத்து, எல்லாவற்றிற்கும் 'ஆண்ட்ராய்டு 10; கே' என்றே அனுப்பத் தொடங்கியது. தனியுரிமை கருதிய மாற்றம் இது. அறியாதார், பழைய பேசி உடையோரே மிகுதி என்று முடிவு கட்டிவிடுவர்.

மொழியாய்வாளரை மயக்கக்கூடிய பகுதி வேறொன்று. ஐபோனின் ஒலியியக்கி அனுப்பும் 'ஆப்பிள்கோர்மீடியா' தொடரின் இறுதியில் 'ஈஎன்_யூஎஸ்' போன்ற மொழிக்குறி காணப்படும். அது பேசியின் அமைப்பு மொழி. கேட்பவரின் மொழி அன்று. ஆங்கிலத்தில் அமைத்த பேசியில் தமிழ் நிகழ்ச்சி கேட்போர் பெங்களூரில் மட்டுமன்றிச் சென்னையிலும் உளர். இக்குறியைக் கொண்டு தமிழ் கேட்போரை எண்ணுவது, உறையின் முகவரி ஆங்கிலத்தில் இருப்பதால் உள்ளிருக்கும் கடிதமும் ஆங்கிலமே என்று கொள்வதை ஒக்கும். கேட்ட மொழியை அறிய ஓடையின் பெயரையும் விநாடிகளையும் சேர்த்து நோக்குதலே தக்கது.

வரிகளை எண்ணுவதும் போதாது. பேருந்தில் செல்பவரின் இணைப்பு நான்கு முறை அறுந்து மீண்டும் இணைந்தால் ஒருவருக்கே ஐந்து வரிகள் பதிவாகும். மாறாக, கருவிப்பெயர் 'ஐஸ்காஸ்ட்' என்றே வருமாயின், அது ஒலியை வாங்கிப் பிறர்க்கு அனுப்பும் மற்றொரு வழங்கியாதல் கூடும். அதன்பின் நூறு பேர் கேட்பினும் இங்கு ஒரு வரியே. அவ்வழங்கியின் பதிவேட்டையும் கேட்டுப் பெற்றாலன்றி அந்நூற்றுவர் கணக்கில் வாரார்.